ஆமென் போட்ட பூங்காக் கச்சேரி

எனக்குக் கோவம் மூக்கு மேல நிக்கும். இது நான் சொல்றதில்ல, எங்க அண்ணி சொல்றது. எங்க அண்ணனுக்கும் கோவம் ஜாஸ்திதான். ஆனா அவனுக்கு அது மூக்கு மேல வராது, வயித்துக்குள்ள போயி சம்மணம் போட்டு உக்காந்துக்கும். மாசக் கணக்கா எழுந்திருக்காது. ஒரே வீட்ல இப்படி ரெண்டு பேர் இருந்தா இன்னா ஆகும்? ஏழு மாசம் பேச்சு வார்த்தை இல்லாம போச்சு. எல்லாம் ஒரு ஆமெனால வந்த வினை.

மொதல்ல இருந்து சொல்றேன். எழுபதுகளோட கடைசி அது. வீடு வேலூர்ல, வேலை ஆம்பூர்ல. ஒரு தோல் ஃபேக்டரி ஆபீஸ்ல நான் டைப்பிஸ்டு. தினம் காலையில நான் ஏறுற பஸ்லயே ஒரு பாய் ஏறுவாரு. அதே ஃபேக்டரிதான், என்னைவிடப் பத்து வயசு பெரியவரு. அங்க அவர் செலக்டர். அதாவது, பதம் போட்டு வர்ற தோலை ஒவ்வொண்ணா மேசை மேல விரிச்சு, கட்டை விரலால ஒரு தடவு தடவி, இது ஃபர்ஸ்ட், இது செகண்டு, இது ரிஜெக்‌ஷன்னு பிரிச்சுப் போடுற ஆளு. அந்த விரலு பஸ்ல சும்மா இருக்காது. முன் சீட்டுக் கம்பி, டிபன் கேரியர், பக்கத்துல தூங்குறவன் முதுகு, எது கெடைச்சாலும் தாளந்தான்.

நான் சர்ச்ல டெனர், அதாவது ஆம்பளைங்கள்ல மேல் குரல் பாடுறவன். அங்க ஒத்திகைக்கு ஆர்மோனியமும் வாசிப்பேன். அவரு தட்டத் தட்ட எனக்கு வாய் நமநமன்னு அரிக்கும். பள்ளிகொண்டா வர்றதுக்குள்ள ரெண்டு சினிமாப் பாட்டு முடிஞ்சிருக்கும். டிரைவரே திரும்பிப் பாத்து, "இன்னாப்பா, அதுக்குள்ள நிறுத்திட்டீங்க?"ன்னு கேப்பாரு. ரோட்டைப் பாத்து ஓட்டுய்யான்னு மத்தவங்க கத்துவாங்க.

ஒரு நாள் பாய் சொன்னாரு: "தம்பி, இதை இந்தப் பஸ்ல இருக்குற அம்பது பேருக்கு மட்டும் பாடுறது பாவம். நம்ம ஊர்ப் பூங்கால பாடலாம் வா. டிக்கெட்டு இல்ல, தலைவர் இல்ல, மாலை மரியாதை இல்ல. இஷ்டம் இருக்கறவன் வந்து உக்காரட்டும்."

கோட்டைப் பக்கத்துல முனிசிபாலிட்டி பூங்கா ஒண்ணு இருந்துச்சு. நடுவுல வட்டமா ஒரு சிமெண்டு மேடை. அதுக்குப் பக்கத்துல ஒரு ரேடியோ ரூமு. சாயங்காலமானா வாட்ச்மேன் ரேடியோவைப் போட்டு விடுவாரு, ஊரே புல்லுல உக்காந்து கேக்கும். அந்த வாட்ச்மேன் இருக்காரே, முனிசிபல் கமிஷனரைக்கூடப் பாத்துடலாம், அவரைப் பாக்க முடியாது. அவ்வளவு கெத்து. "செய்தி முடிஞ்சு ரேடியோவை நான் நிறுத்தினப்புறம்தான் உங்க பாட்டு. அதுக்கு முன்னாடி ஒரு சத்தம் வந்துச்சு, மேடையைப் பூட்டிடுவேன்"னாரு. வட்ட மேடையை எப்படிய்யா பூட்டுவேன்னு நான் எகிறினேன். பாய் என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டாரு. "சரிங்கண்ணே, செய்தி முடியட்டும், அப்புறம் சாயங்கால மக்ரிப் தொழுகையும் முடியட்டும், அதுக்கப்புறம் பாடறோம்"னு சொல்லி, ஒரு பொட்டலம் பக்கோடாவையும் நீட்டினாரு. அன்னையில இருந்து எங்க கச்சேரிக்கு அதுதான் நேரம். மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கிழமை, செய்தியும் தொழுகையும் முடிஞ்ச கையோட.

பாட ஆள் வேணுமே? எங்க சர்ச்சு பாடகர் குழுவுல இருந்த ரெண்டு நர்ஸக்காவைக் கேட்டேன். ஒருத்தங்க சொப்ரானோ, உச்சக் குரல்; ஒருத்தங்க ஆல்ட்டோ, அதுக்கு ஒரு படி கீழ. ட்யூட்டி இல்லாத ஞாயித்துக்கிழமையா பாத்து வர்றோம்னாங்க. நான் டெனரும் ஆர்மோனியமும், பாய் டோலக்கு. இப்ப விவரம் தெரிஞ்சவங்க கேப்பீங்க, கீழ் சுரத்துக்கு பேஸ் யாருன்னு. எங்க குழுவுல பேஸ் எங்க அண்ணன். குழுவுக்குத் தலைவனும் அவன்தான். பெரிய ஆஸ்பத்திரியில ஸ்டோர்ஸ் கிளார்க்கு. அவன் கீழ இறங்கிப் பாடினா சர்ச்சு பெஞ்சு அதிரும். ஆனா அவனை நான் கூப்பிடல. 'தேவனைப் பாடுற வாய்'னு ஆரம்பிச்சுடுவான்னு நானா நெனச்சுக்கிட்டு, ஒரு வார்த்தைகூடக் கேக்கல. நர்ஸக்காங்ககிட்டயும், "நானே அண்ணன்கிட்ட சொல்லிக்கிறேன்"னு சொல்லிட்டு சொல்லாம விட்டுட்டேன். அங்கதான் தப்பு பண்ணேன். ஆனா அதை ஒத்துக்க எனக்கு ஏழு மாசம் ஆச்சு.

மொத கச்சேரிக்குக் கூட்டம் இன்னா கூட்டம்னு நெனைக்கிறீங்க! காத்தாட வந்தவங்க, கடை மூடிட்டு வந்தவங்க, பேரணாம்பட்டுல இருந்து பொண்ணு வீட்டுக்கு வந்தவங்க. அதுல பாதி, பெரிய ஆஸ்பத்திரிக்கு வைத்தியம் பாக்க வந்த வடக்கத்தி ஜனங்க. வங்காளம், பீகார்னு எங்கிருந்தோ வந்து, மடியில எக்ஸ்ரே கவரை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. ஒரு வார்த்தை புரியாது. ஆனா அவங்க மாதிரி கை தட்ட இன்னொருத்தன் பொறந்து வரணும். பாலாத்துப் பக்கமிருந்து காத்தடிச்சா தோல் பதம் போடுற ஷாப்பு நாத்தம் குப்புன்னு வரும். உள்ளூர்க்காரங்களுக்கு அது உறைக்காது, புதுசா வந்தவங்க மட்டும் மூக்கைப் பொத்திக்கிட்டே தலையாட்டுவாங்க.

அப்பதான் அது நடந்துச்சு. ஒரு சினிமாக் காதல் பாட்டு. மெதுவா போற பாட்டு. கடைசி வரியை மூணு பேரும் மூணு சுரத்துல இழுத்து நிறுத்தினோம். நல்லா வந்துச்சு. நல்லா வந்ததுதான் வம்பு. சர்ச்ல ஒவ்வொரு ஞானப்பாட்டு முடியறப்பவும் ஆர்மோனியத்துல ரெண்டு கட்டை மாத்தி வெச்சு 'ஆ...மென்'னு இழுத்துதான் முடிப்போம். நடை பழகின நாள்ல இருந்து அதே பழக்கம். என் விரலு தானா அந்த ரெண்டு கட்டைக்குப் போச்சு. விரல் போனதும் மூணு வாயும் தானா தெறந்துச்சு. "ஆ...மென்."

அப்புறம் ஒரு சிரிப்பு கெளம்பிச்சு பாருங்க, அகழித் தண்ணில இருந்த கொக்கெல்லாம் பறந்துடுச்சு. பாய் டோலக்கைக் கவுத்து வெச்சுட்டு மேடையில உருண்டாரு. "இன்னா தம்பி, பாட்டுல அவங்க ரெண்டு பேரும் இப்பதான் லவ்வு பண்ண ஆரம்பிச்சாங்க, அதுக்குள்ள கல்யாணமே பண்ணி வெச்சுட்டியே!"

மறுநாள் காலையில அண்ணன் ஸ்டோர்ஸுக்குள்ள காலை வெக்கிறதுக்கு முன்னாடியே சேதி போயிடுச்சு. சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தா வாசப்படியிலயே நிக்கிறான்.

"பூங்கால காதல் பாட்டுக்கு ஆமென் போட்டீங்களாமே? ஆமென்னா அப்படியே ஆகக்கடவதுன்னு அர்த்தம். எதுடா ஆகக்கடவது?"

"தெரியாம வந்துடுச்சுண்ணா. பழக்க தோஷம்."

"என் குழுவுல இருந்து ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டுப் போயிருக்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா?"

பஸ்ல ரெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டு வந்தவன் நான். பசி வேற. வாய்ல சனி உக்காந்திருந்துச்சு. "உன்னை எதுக்குக் கேக்கணும்? பூங்கா இன்னா உங்க அப்பன் வீட்டு சொத்தா?"ன்னுட்டேன். ரெண்டு பேருக்கும் ஒரே அப்பன்தான்னு அந்த நேரத்துல எனக்கு உறைக்கல. உள்ள இருந்த அண்ணி அதைக் கேட்டுப் பொங்கிச் சிரிச்சுட்டாங்க. அந்தச் சிரிப்பு வேற எரியுற நெருப்புல எண்ணெய் ஊத்தின மாதிரி ஆச்சு. அண்ணன் உள்ள போயிட்டான். அதோட சரி.

அப்புறம் எங்க வீடு நடந்த அழகு இருக்கே. சாப்பிட உக்காந்தா எனக்கும் அவனுக்கும் நடுவுல ஒரு முழ தூரந்தான். ஆனா அவன் அண்ணியைப் பாத்து, "அவன்கிட்ட சொல்லு, விளக்கு வெச்சப்புறம் சைக்கிளைத் தெருவுல விடக் கூடாதுன்னு." உடனே நான், "அண்ணி, அவர்கிட்ட சொல்லுங்க, பூட்டு கெட்டுப் போயி ஒரு வாரம் ஆச்சுன்னு." அண்ணி குழம்புக் கரண்டியோட நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் பாப்பாங்க. "நான் இன்னா தபால்காரியா?"

ஞாயித்துக்கிழமை காலையில இதைவிடக் கூத்து. சர்ச்ல எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டுப் புஸ்தகம். தோளோட தோள் உரசித்தான் நிக்கணும். அவன் பக்கத்தைத் திருப்புவான், நான் ஓரத்தைப் பிடிச்சுக்குவேன். அவன் கீழே, நான் மேலே, ரெண்டு குரலும் ஒண்ணா சேர்ந்து போகும். "அண்ணன் தம்பின்னா இவங்களை மாதிரி இருக்கணும்"னு கெழவிங்க எல்லாம் சொல்லிட்டுப் போவாங்க. பாட்டு முடிஞ்சதும் அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். சத்தியமா சொல்றேன், பாடுற அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நான் வாரம் முழுக்கக் காத்துக்கிட்டிருந்தேன். வெளியில சொன்னா கௌரவக் கொறச்சல், அதனால சொல்லல.

பூங்காவுல கச்சேரி நிக்கல. ஆமெனுக்கு மட்டும் பாய் ஒரு வழி கண்டுபிடிச்சாரு. பாட்டோட கடைசி வரி முடியறதுக்கும் எங்க வாய் தெறக்குறதுக்கும் நடுவுல, டோலக்குல தடதடன்னு ஒரு அடி அடிச்சு முடிச்சுடுவாரு. நாங்க அதுக்குப் பூட்டுன்னே பேர் வெச்சோம். பூட்டு விழுந்தா ஆமென் வெளிய வராது. நர்ஸக்கா ஒருத்தங்க பாதி 'ஆ'வோட மாட்டிக்கிட்டு, கொட்டாவி விடற மாதிரி கையால வாயை மூடிக்குவாங்க.

பாயே ஒரு பாட்டும் கட்டினாரு. எங்க ஊரைப் பத்தி ஒரு சொலவடை உண்டே, தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, மரமில்லாத மலைன்னு. அதை வெச்சுத்தான். இதெல்லாம் இல்லாட்டி இன்னா, நாம இருக்கோமில்லன்னு முடியும். அந்தச் சொலவடைல பொண்ணுங்களைப் பத்தியும் ஒண்ணு வரும். அதை நர்ஸக்கா ரெண்டு பேரும் மொத நாளே வெட்டி எறிஞ்சுட்டாங்க. ஜனங்களுக்கு அந்தப் பாட்டு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஆனா பாய்க்கு மட்டும் திருப்தி இல்ல. பாடி முடிச்சதும் கட்டை விரலைத் தேய்ச்சுக்கிட்டே சொல்லுவாரு: "மேல பாலிஷ் எல்லாம் நல்லாத்தான் இருக்குது தம்பி. சப்ஸ்டன்ஸ் கம்மி." தோலோட தடிப்பை எங்க ஃபேக்டரியில சப்ஸ்டன்ஸ்னுதான் சொல்லுவாங்க. பாய் எதைச் சொல்றாருன்னு எனக்குத் தெரியும். பேஸ் இல்ல. அண்ணன் இல்ல.

அண்ணியும் விடல. ஒரு திங்கக்கிழமை துணி ஊற வெக்கிறப்ப பொலம்பினாங்க: "உங்க அண்ணன் சட்டைப் பையைப் பாருங்க தம்பி. வேர்க்கடலைத் தோலு. போன மாசமும் இதேதான். தண்ணியெல்லாம் மெதக்குது." எனக்கென்ன வந்துச்சுன்னு பேப்பரைப் பாத்துக்கிட்டிருந்தேன். அவங்க விட்டாங்களா? "அவருக்குக் கோவம் உங்க பாட்டு மேல இல்ல. தன்னைக் கூப்பிடலயேன்னு. போயி, 'வாண்ணா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா நீங்க இன்னா கொறைஞ்சா பூடுவீங்க?"

"அவன் வரணும்னா வரட்டுமே. பூங்காவுக்குக் கதவா இருக்குது?"

"நல்லா பொறந்தீங்க ரெண்டும்"னு சொல்லி, ஈரத் துணியை என் மேல உதறிட்டுப் போனாங்க.

இதுக்கு நடுவுல ஆபீஸ்ல ஒரு ஆர்டர். அடுத்த மாசம் நடுவுல இருந்து கம்பெனியோட மெட்ராஸ் ஆபீஸுக்கு என்னை மாத்திட்டாங்க. சம்பளம் ஜாஸ்தி, சந்தோஷந்தான். ஆனா பெட்டி கட்டறப்ப மடிச்ச சட்டையையே திரும்பத் திரும்ப மடிச்சுக்கிட்டிருந்தேன். அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசாமயே ஊரை விட்டுப் போறேனேன்னு. அப்பா அம்மா இல்லாத வீடு எங்களுது. என்னை வளத்ததே அவன்தான். பேசுடான்னு மனசு சொல்லும். மூக்கு விடாது. சேதியை அண்ணி மூலமா சொல்லி அனுப்பினேன். "நல்லது, உடம்பைப் பாத்துக்கச் சொல்லு"ன்னு அண்ணி மூலமாவே பதில் வந்துச்சு. கிளம்ப ஆறு நாள் இருக்குறப்ப ரெண்டாவது ஞாயிறு வந்துச்சு. எனக்குக் கடைசிக் கச்சேரி.

அன்னைக்குச் சரியான புழுக்கம். செய்தி முடிஞ்சுச்சு, தொழுகை முடிஞ்சுச்சு, தொப்பியை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டே பாய் மேடை ஏறினாரு. நாலு பாட்டு நல்லபடியா போச்சு. அஞ்சாவது எங்க ஊர்ப் பாட்டு. பாதியில பட்டுனு கரண்டு பூடுச்சு. லைட்டு இல்ல, மைக் இல்ல, கும்மிருட்டு. கொழந்தைங்க வீல்னு கத்துதுங்க. கூட்டம் எழுந்து அலைமோதுது. யாரோ மேடையில இடறி விழ, டோலக்கு உருண்டு எங்கியோ போச்சு. "யாரும் எழுந்திருக்காதீங்க, கொழந்தைங்களை மிதிச்சுடப் போறீங்க!"ன்னு வாட்ச்மேன் கத்துறாரு, யாரும் கேக்கல.

பாய் இருட்டுல என் தோளை அழுத்தினாரு. "பாடு தம்பி. மெதுவா ஒண்ணு. உக்காந்துடுவாங்க."

எங்க ஊர்ப் பாட்டையே மெதுவா எடுத்தேன். தாளம் இல்லாம, ஞானப்பாட்டு மாதிரி நிறுத்தி நிறுத்தி. நர்ஸக்கா ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டாங்க. மைக் இல்லாததால கேக்கணும்னா ஜனங்க வாயை மூடித்தான் ஆகணும். ஒவ்வொருத்தரா உக்காந்தாங்க. அழுத கொழந்தைகூட நிறுத்திடுச்சு. தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டைன்னு பாடறப்ப என் புத்தி பாட்டுல இல்ல. இந்த ஊரை விட்டுப் போறேன், இன்னும் அவன்கிட்ட பேசல. ரெண்டாவது சரணத்துல சுரம் கொஞ்சம் கீழ இறங்கி ஃப்ளாட்டாயிடுச்சு. சமாளிச்சு முடிச்சேன். கடைசி வரியை இழுத்து நிறுத்தினோம். பூட்டு போட பாய் கையில டோலக்கு இல்ல. விரல் தானா போச்சு.

"ஆ..."

மூணு குரல் இல்ல. நாலு. புளியமரத்துப் பக்கத்துல இருந்து, இருட்டுக்குள்ள இருந்து, எங்க மூணு பேருக்கும் கீழ ஒரு குரல் வந்து தாங்கிச்சு. சிமெண்டு மேடை என் காலுக்கடியில அதிர்ந்துச்சு.

"...மென்."

அந்த நேரம் பாத்து கரண்டு வந்துச்சு. கூட்டம் மொத்தமும் புளியமரத்தைத் திரும்பிப் பாக்குது. அங்க எங்க அண்ணன். வாய் இன்னும் மூடல. கையில வேர்க்கடலைப் பொட்டலம். திருடன் கையும் களவுமா மாட்டின மாதிரி முழிக்கிறான்.

"இவரா?"ன்னாரு வாட்ச்மேன், மேடைக்கே கேக்குற மாதிரி. "இவரு மாசாமாசம் வர்றவராச்சே! அந்த மரத்துக்குப் பின்னாடியேதான் நிப்பாரு. முன்னாடி போயி உக்காருங்க சார்னா, வேணாம்பாரு."

ஏழு மாசம். ஏழு மாசமும் வந்திருக்கான். சர்ச்சுக் கூட்டம்னு அண்ணிகிட்ட சொல்லிட்டு, மரத்துக்குப் பின்னாடி நின்னு, கடலை தின்னுக்கிட்டே நான் பாடறதைக் கேட்டிருக்கான். எனக்கு மூக்கு மேல இருந்ததெல்லாம் கண்ணு வழியா வந்துச்சு. ஆர்மோனியத்தை அப்படியே விட்டுட்டுப் படியிறங்கிப் போயி அவன் முன்னாடி நின்னேன்.

அவன் என்னைப் பாத்தான். அண்ணி பக்கத்துல இல்ல. யார்கிட்ட சொல்லச் சொல்றதுன்னு தெரியாம ஒரு கணம் தவிச்சான். அப்புறம் நேரா என்கிட்டயே சொன்னான்:

"ரெண்டாவது சரணத்துல நீ ஃப்ளாட்டு."

"பேஸ் இல்லாம பாடினா அப்படித்தான் ஆகும்"னேன். "மேல வாண்ணா. உன்னை மொதல்லயே கூப்பிட்டிருக்கணும். தப்புதான்."

"கூப்பிட இவ்வளவு நாளாடா?"ன்னான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்துச்சு. பொட்டலத்தை என் கையில திணிச்சுட்டு, சட்டையைத் தட்டிவிட்டுக்கிட்டு, எனக்கு முன்னாடியே மேடை ஏறிட்டான்.

அதே பாட்டை மறுபடியும் நாலு சுரத்துல பாடினோம். இதுக்குள்ள பாய் டோலக்கைக் கண்டுபிடிச்சுட்டாரு. கடைசி வரியில கையை ஓங்கினாரு, எங்களைப் பாத்தாரு, கையை அப்படியே மடியில வெச்சுக்கிட்டாரு. பூட்டு போடல. முடிஞ்சதும் கட்டை விரலைத் தேய்ச்சு, "இப்ப சப்ஸ்டன்ஸ் சரியா இருக்குது. ஃபர்ஸ்ட் கிரேடு"ன்னாரு.

வீட்டுக்கு நடந்தே போனோம். வழியில அவன் பேசினான், நான் பேசினேன், எதுன்னு கேட்டா ஞாபகமில்ல. கடலை மட்டும் காலியாயிடுச்சு. மறுநாள் காலையில துணி ஊற வெக்கிறப்ப அண்ணி கத்தினாங்க, கோவமா சிரிப்பான்னு தெரியல.

"இன்னா கூத்து இது! இந்தத் தடவை ரெண்டு சட்டைப் பையிலயும் வேர்க்கடலைத் தோலு!"